பக்கம் மாறிய ஏழு பொத்தான்கள்

“கண்ணை எங்கே வச்சுட்டு வர்றீங்க, மத்மசேல்?”

“முகத்துலதான் வச்சிருக்கேன் முசியே. நீங்கதான் நடுவழியில தூண் மாதிரி நிக்கறீங்க. இங்கே ஏற்கெனவே வேண்டிய தூண் இருக்கு!”

ரிவோலித் தெருவில் தூணுக்குப் பஞ்சமில்லை என்பது உண்மைதான். அந்த வளைவுகளுக்கு அடியில் மத்தியான மழைக்கு ஒதுங்கியிருந்த கூட்டம் சிரித்தது. ஜனவரி மழை... ஊசி ஊசியாக, சாய்வாக, வானத்தில் யாரோ உட்கார்ந்து அவசர வேலை பார்க்கிற மாதிரி பெய்துகொண்டிருந்தது. குடையை மடக்கிக்கொண்டே ஓடி வந்தவள் ஒதீல். அவள் குடைக்கம்பி அந்த ஆளின் அட்டைப்பை நாடாவில் மாட்டியது. நாடா அவிழ்ந்தது. உள்ளேயிருந்த தாள் ஒன்று பறந்துபோய் நடைபாதை ஓரத்து ஓடையில் முகங்குப்புற விழுந்தது.

ஒதீல் குனிந்து எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

மையில் வரைந்த ஒரு பெண். சாம்பல் நிறக் கம்பளி உடுப்பு. மார்பிலிருந்து இடது இடுப்புக்குச் சாய்வாக இறங்கும் ஏழு பொத்தான்கள். கடைசிப் பொத்தானிலிருந்து அருவியாக விழும் மடிப்பு. எல்லாவற்றுக்கும் மேல் பாரீஸ் நகரத்துச் சேறு.

“ஐயோ பாவம்...” என்றாள்.

“இப்போ பாவப்பட்டு என்ன பிரயோஜனம்? மூணு மணிக்கு இது முதலாளி மேஜையில இருக்கணும்.”

“படத்தைச் சொல்லல. இந்தப் பொண்ணைச் சொன்னேன். இந்த இடுப்பு வழியா ஒரு கரண்டி சூப்பாவது இறங்குமா? காலு வேற... கழுத்துலயே ஆரம்பிச்சிடுது!”

மறுபடியும் சிரிப்பு. அந்த ஆளுக்குக் காது சிவந்தது. ஒல்லி உடம்பு. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கோட்டு நல்லதுதான், முழங்கை மட்டும் தேய்ந்திருந்தது.

“இது உடுப்புப் படம், மத்மசேல். ஆஸ்பத்திரிப் படம் இல்ல. கோடு பறக்கணும்.”

“பறக்கட்டுமே... கீழே இறங்கி வந்து ஒருத்தி உடம்புல உட்காரணுமில்ல? அதை யார் பார்ப்பா?”

“அதுக்கு ஆள் இருக்கு. நான் வரைவேன், எவளோ ஒருத்தி அதைப் பார்த்துத் தைப்பா. கோட்டைப் பார்த்து வெட்டத் தெரிஞ்சா போதும் அவளுக்கு.”

எவளோ ஒருத்தி.

ஒதீல் கைக்குட்டையை எடுத்துத் தாளில் இருந்த சேற்றைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கச் சேறு பரவியது. “தொடாதீங்க!” என்று அவன் தாளைப் பிடித்தான். பிடித்தது தாளை மட்டுமல்ல... அவள் விரல்களையும்தான். அவன் நிமிர்ந்தான். அவளும் நிமிர்ந்தாள்.

அவன் கண்கள் சாம்பல் நிறம். மழை விட்டதும் இந்த ஊர்க் கூரைகள் ஒரு நிமிஷம் மினுங்குமே... அந்தச் சாம்பல். அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு நீளமாகத்தான் இருந்தது.

கையை உருவிக்கொண்டாள். “உங்க எவளோ ஒருத்திக்கு என் அனுதாபத்தைச் சொல்லுங்க முசியே!” என்று சொல்லிவிட்டு மழைக்குள்ளேயே நடந்தாள். குடையை விரிக்க வேண்டும் என்பது அடுத்த தெருவில்தான் ஞாபகம் வந்தது.

ஒதீலுக்குப் படங்கள் மேல் நம்பிக்கை கிடையாது. பதினாலு வயதில் லொர்வான் தையல் மாளிகைக்குள் நுழைந்து, தரையில் சிந்திய குண்டூசிகளைக் காந்தத்தால் பொறுக்கத் தொடங்கியவள். பதினோரு வருஷம். தாளில் உள்ள பெண் மூச்சு விட மாட்டாள், உட்கார மாட்டாள், மத்தியானம் உருளைக்கிழங்கு தின்ன மாட்டாள். ஏட்டுச் சுரைக்காய். கோடு பொய் சொல்லும், துணி சொல்லாது. இது அவள் கண்டுபிடித்த ஒரே தத்துவம்; அது அவளுக்குப் போதுமானதாகவும் இருந்தது.

ஆண்களையும் அவள் படம் மாதிரிதான் பார்த்தாள். தூரத்தில் அழகு. கிட்டே போனால் தையல் தெரியும். அதனால் கிட்டே போனதில்லை. கல்யாணமாகாமல் இருபத்தைந்தைத் தொட்ட பெண்களுக்குப் புனித கத்ரீன் திருநாளன்று போட்டுவிடும் மஞ்சள் பச்சைத் தொப்பியைப் போன நவம்பரில் அவளுக்கும் போட்டுவிட்டார்கள். தொப்பியில் பறவைக் கூடு ஒன்று... கூட்டில் முட்டை மூன்று. செய்தவள் பக்கத்து நாற்காலி ழினெத்.

அன்று மாலை நாலு மணிக்கு மதாம் பெர்த் தையல்கூடத்துக்குள் வந்தார். கூடத்துக்குத் தலைவி அவர். கழுத்தில் அளவுநாடா, மணிக்கட்டில் ஊசிமெத்தை, முகத்தில் மட்டும் சிரிப்பு என்று எதுவும் இல்லை. அவருக்கு அடுத்தபடியாக உட்கார்ந்திருந்தவள் கல்யாணமாகி மர்செய்க்குப் போனதிலிருந்து ஒரு மாதமாக அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. முப்பது பெண்களும் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு தைத்தார்கள்.

“ஒதீல்!”

“மதாம்.”

“முப்பத்தெட்டாம் எண். என் தோள்ல வலி, கை தூக்க முடியல. இதை நீ தனியா பொம்மை உடல்ல ஏத்து. மாதிரித் துணியில வெட்டு, வெள்ளிக்கிழமை முதலாளி பார்ப்பார். ஒழுங்கா வந்துச்சுன்னா...” மதாம் பெர்த் கண்ணால் அந்த நாற்காலியைக் காட்டினார். அவ்வளவுதான். அவர் பேசியதிலேயே அது நீளமான பேச்சு.

பதினோரு வருஷம் காத்திருந்த பேச்சு. ஒதீல் தாளை வாங்கினாள். மூலையில் ஒரு துண்டுச் சாம்பல் கம்பளி குத்தியிருந்தது. கீழே முதலாளி லொர்வானின் சுருக்கக் கையெழுத்து. நடுவில்... அதே பெண். சூப்பு இறங்காத அதே இடுப்பு. மை இன்னும் வாசனை அடித்தது.

ஆக, அந்தத் தூண் இந்த மாளிகைத் தூண்தானா! மேல் மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் வரைபடக்காரர் இவர்தானா...

“யாருடீ இதை வரைஞ்சது?” என்று ழினெத்தைக் கேட்டாள்.

“ரெமின்னு ஒருத்தர். மூணு மாசச் சோதனையில இருக்கார். இதுக்கு முன்னாடி கலப்பை, தண்ணிக் குழாய், மண்வெட்டியெல்லாம் விலைப்பட்டியலுக்கு வரைஞ்சிட்டிருந்தாராம். ஏன்டீ கேக்கறே? முகம் ஏன் இப்படி ஆகுது?”

“ஒண்ணுமில்ல. வெளிச்சம்.”

“வெளிச்சமா? நாலரை மணிக்கு?”

ஒதீல் வெள்ளை மாதிரித் துணியை மேஜையில் விரித்தாள். கத்தரியை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது.

பக்கம் மாறியிருந்தது.

மத்தியானம் சேற்றுக்கு அடியில் அவள் பார்த்தபோது பொத்தான்கள் இடது இடுப்புக்கு இறங்கின. இப்போது வலது இடுப்புக்கு இறங்கின. மடிப்பும் வலப்பக்கம். பெண் உடுப்புக்குப் பொத்தான் இடப்பக்கம், ஆண் உடுப்புக்கு வலப்பக்கம். ஏன் அப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஊசி பிடித்த எந்தப் பெண்ணின் கைக்கும் அது தெரியும். இந்தத் தாளில் இருந்த சீமாட்டி அவள் புருஷன் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

ழினெத் எட்டிப் பார்த்தாள். “ஐயையோ... பக்கம் மாறியிருக்கேடீ! போய்ச் சொல்லு. ஒரு மாடி ஏறினா முடிஞ்சுது.”

ஒரு மாடி. பத்தொன்பது படி. ஏறிப்போய், கதவைத் தட்டி, “முசியே, உங்க படம் தப்பு” என்று சொல்ல வேண்டும். அவன் நிமிர்வான்... அந்தச் சாம்பல் நிறம் நிமிரும்.

“கோட்டைப் பார்த்து வெட்டத் தெரிஞ்சா போதுமாம் நமக்கு” என்றாள் ஒதீல். “முதலாளி கையெழுத்து இருக்கு. கோடு என்ன சொல்லுதோ அதை வெட்டறேன்.”

“உன் நாற்காலிடீ!”

“நாற்காலிக்கு ஒண்ணும் ஆகாது. படத்துல உள்ளபடி மயிரிழை பிசகாம வெட்டினவளை யாரு குத்தம் சொல்வா? தப்பு மேல் மாடியில இருக்கு.”

வெட்டினாள். மூன்று நாள் வெட்டினாள், ஏற்றினாள், இறக்கினாள். அதைப்போல ஒரு வேலை அந்தக் கூடத்தில் வந்ததில்லை. அந்த மடிப்பு விழுந்த அழகு... பக்கம்தான் தப்பு. வன்மத்திலும் இத்தனை நேர்த்தியாக வேலை செய்கிறவர்களைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருப்பது நல்லது.

மூன்று நாளில் அவனை இரண்டு தடவை படியில் பார்த்தாள். முதல் தடவை அவன் திடுக்கிட்டு நின்றான். “நீங்க... இங்கேயா?”

“எவளோ ஒருத்தி” என்றாள், நிற்காமல்.

இரண்டாவது தடவை அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையிலிருந்த துணியைச் சுவர் மாதிரி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். சுவருக்கு இந்தப் பக்கம் நெஞ்சு அடித்துக்கொண்டது. கோபம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை.

முதலாளி லொர்வான் வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு, கையில் மெல்லிய பிரம்போடு உட்கார்ந்திருந்தார். உடுப்பை அவர் நேராகப் பார்க்க மாட்டார். அணிந்து காட்டும் பெண் அவருக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். எதிரே இருக்கும் ஆளுயரக் கண்ணாடியில்தான் பார்ப்பார். கண்ணாடி முகத்தாட்சண்யம் பார்க்காது என்பார். சுவரோரமாக வரைபடக்காரர்கள். இந்தப் பக்கம் மதாம் பெர்த், அவருக்குப் பின்னால் ஒதீல். புது உடுப்புகளின் கண்காட்சிக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. அன்று காலையிலிருந்து இருபத்திரண்டு உடுப்பு பார்த்தாகிவிட்டது. முதலாளியின் கண் சிவந்திருந்தது.

முப்பத்தெட்டு உள்ளே வந்தது. கண்ணாடி முன்னால் நின்றது.

பிரம்பு மெல்ல உயர்ந்து அந்த மடிப்பின் வழியாகக் கீழே இறங்கியது.

“ஆகா...” என்றார் முதலாளி. “இதுதான். என் மனசுல இருந்தது அப்படியே நிக்குது. யாரு ஏத்தினது?”

“ஒதீல்” என்றார் மதாம் பெர்த். “தனியா.”

ஒதீலுக்குப் புரிந்தது. கண்ணாடி! கண்ணாடியில் பக்கம் மறுபடி மாறி, அவர் முதலில் மனதில் நினைத்த மாதிரியே தெரிகிறது. களைத்த கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் நாற்காலி அவளுடையது. இன்றைக்கே. அப்புறம் யாராவது கண்டுபிடிக்கட்டும்...

“நல்லது. கழட்டு” என்றார் முதலாளி.

அணிந்திருந்த பெண் பொத்தானைத் தேடினாள். விரல் வழக்கமான பக்கம் போய், வெறும் துணியைத் தடவி, திரும்பி வந்தது. மறுபடி போனது. “என்னவோ தெரியல முசியே... கையே போக மாட்டேங்குது” என்றாள்.

முதலாளி எழுந்தார். கண்ணாடியை விட்டுவிட்டு உடுப்பைச் சுற்றி வந்து நேராகப் பார்த்தார். முகம் மாறியது.

“படம்!”

படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பார்த்தார்.

“யாரு வரைஞ்சது இதை?”

சுவரோரத்திலிருந்து ரெமி ஓரடி முன்னால் வந்தான். “நான்தான் முசியே.”

“பெண்ணுக்குப் பொத்தான் எந்தப் பக்கம்னுகூடத் தெரியாதா உமக்கு?”

“முதல் படம் நனைஞ்சுபோச்சு முசியே. முகத்துப் பக்கம் முழுக்கச் சேறு. நேரம் இல்ல. ஜன்னல் கண்ணாடியில வச்சுப் பின்பக்கத்திலிருந்து கோட்டை எடுத்தேன். எடுத்ததைத் திருப்பிப் போடணுமான்னு ஒரு சந்தேகம் வந்தது...”

“வந்ததும்?”

ரெமி தலையைக் குனிந்தான். “நான் போட்டிருந்த கோட்டைப் பார்த்தேன். அதுலயும் பொத்தான் அந்தப் பக்கம்தான் இருந்தது. சரியாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்.”

யாரோ களுக்கென்று சிரித்து, சிரிப்பை விழுங்கினார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

“எப்படி நனைஞ்சது படம்?”

ரெமி ஒதீலைப் பார்த்தான். ஒரு கணம்தான். குடை என்று சொல்லலாம். இதோ இவள்தான் என்று சொல்லலாம். சொன்னால் தப்பில் பாதி கைமாறிவிடும்.

“மழை, முசியே” என்றான். “வெறும் மழை.”

“மழை! கதவு அங்கே இருக்கு. கலப்பைக்குப் பொத்தான் கிடையாது, போய் அதையே வரையும்.”

ரெமி கதவுப் பக்கம் திரும்பினான். தேய்ந்த முழங்கை ஒதீலின் கண்ணில் பட்டது.

அவள் நல்லவள் என்பதால் பேசவில்லை. அதை நம்ப வேண்டாம். மூன்று நாளாக நெஞ்சுக்குள் கோபம் என்று பெயர் வைத்து வளர்த்த ஒன்று அந்தக் கதவோடு சேர்ந்து வெளியே போகப் பார்த்தது. அதைப் பிடிக்கத்தான் அவள் வாய் திறந்தது.

“எனக்குத் தெரியும் முசியே.”

எல்லாத் தலையும் திரும்பியது.

“என்ன தெரியும்?”

“பக்கம் மாறியிருக்குன்னு. வெட்டறதுக்கு முன்னாடியே தெரியும். முதல் படத்தை நான் பார்த்திருக்கேன். அதைச் சேத்துல தள்ளினதே என் குடைதான். தெரிஞ்சும் சொல்லல. தெரிஞ்சேதான் வெட்டினேன்.”

மதாம் பெர்த் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஏன்?” என்றார் முதலாளி. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

“அவர் மேல கோபம்.”

“உன் கோபத்துக்கு என் பதினோரு நாள்ல இன்னும் மூணு நாளா?”

அப்போதுதான் மதாம் பெர்த் கண்ணைத் திறந்தார். “முசியே, படத்துக்குக் கீழே ஒரு கையெழுத்து இருக்கு. அது இவர் போட்டதும் இல்ல, இவள் போட்டதும் இல்ல.”

முதலாளி படத்தைப் பார்த்தார். தன் சுருக்கக் கையெழுத்தைப் பார்த்தார். பிரம்பால் காலணியை இரண்டு தட்டுத் தட்டினார். பெரிய மனிதர்கள் தங்கள் தப்பை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். குரலைக் கொஞ்சம் தணிப்பார்கள், அதோடு சரி.

“திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. சரியான பக்கத்துல இது இங்கே நிக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்து நிறுத்துங்க. நிக்கலைன்னா ரெண்டு பேருமே போகலாம்.”

வெளியே வந்ததும் மதாம் பெர்த் அவளைப் பார்க்காமலே சொன்னார். “தெரியாம வெட்டியிருந்தா மன்னிச்சிருப்பேன் ஒதீல். நாற்காலி ழினெத்துக்கு.”

ழினெத் அன்று மாலை முழுவதும் அழுதாள். ஒதீல்தான் தேற்ற வேண்டியிருந்தது. “உட்காருடீ, கழுதை... நாற்காலி கடிக்காது.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கூடத்தில் யாருமில்லை. மேல் ஜன்னல்கள் வழியாகப் பால் மாதிரி வெளிச்சம். பொம்மை உடல்கள் எல்லாம் மற்ற உடுப்புகளைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. ஒன்றுகூடக் காலி இல்லை. புதிதாக வெட்டிய துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஒதீல் சுற்றிப் பார்த்தாள். கடைசியில் அவனைப் பார்த்தாள்.

“கோட்டைக் கழட்டுங்க.”

“என்னது?”

“உங்க உடம்புதான் காலியா இருக்கு. நேரா நில்லுங்க. மூச்சை இழுக்காதீங்க, படத்துல இருக்கற பொண்ணு இல்ல நீங்க.”

ரெமி நின்றான். மார்பில் பஞ்சு வைத்துக் கட்டினாள். வெள்ளை உடுப்பை ஏற்றினாள். குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு தோளில் தொடங்கினாள். இன்னொரு நாளாக இருந்திருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள். ஆனால் அவன் முகம் இறுகிக் கிடந்தது. வந்ததிலிருந்து அவன் பேசியதே அந்த ஒரு வார்த்தைதான்.

கால் மணி நேரம் போனது.

“நீங்க சொல்லியிருக்க வேண்டாம்” என்றான் திடீரென்று. “மழைன்னு சொல்லிட்டேன். அதோட முடிஞ்சிருக்கும்.”

“உங்க வேலைதான் முடிஞ்சிருக்கும்.”

“என் வேலை, என் தப்பு. போனா போகட்டும். இப்போ என்ன ஆச்சு? உங்களுக்கு நாற்காலி போச்சு. மாடிப்படியில போற வர்றவங்கல்லாம் ‘பாவம், அந்தப் பொண்ணு இவரைக் காப்பாத்தினா’ன்னு பார்க்கறாங்க. எனக்கு இரக்கம் ஆகாது, மத்மசேல். நாளைக்கு இது நின்னதும் நான் கிளம்பறேன். பழைய இடத்துல இன்னும் ஆள் வேணுமாம்.”

ஊசி பிடித்த கை நின்றது.

அப்படியானால் நாளை மறுநாள் மாடிப்படியில் இவன் இருக்க மாட்டான். துணியைச் சுவராகப் பிடிக்கத் தேவையிருக்காது. ஒதீல் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டு மெத்தையில் குத்தினாள். வாயில் ஊசியோடு சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது.

“இரக்கம்னு யார் சொன்னது?”

“வேற என்ன?”

“எவளோ ஒருத்தின்னு சொன்னீங்க...”

“நானா? எப்போ?” அவன் விழித்தான். நிஜமாகவே அவனுக்கு ஞாபகமில்லை. யோசித்தான்... வந்துவிட்டது. முகம் சுருங்கியது. “சேறு பட்ட கோபத்துல உளறினேன். உங்களைச் சொல்லல. அப்போ உங்களைத் தெரியவே தெரியாதே.”

“தெரியும், எனக்கு அது தெரியும். முதலாளிகிட்ட அந்தக் கோபத்தைத்தான் சொன்னேன். பொய் இல்ல. ஆனா பாதிதான் அது.”

“மீதிப் பாதி?”

அவள் அவன் பின்னால் போய் நின்றுகொண்டாள். முதுகுத் தையலைச் சரிபார்க்கிற மாதிரி. முதுகோடு பேசுவது சுலபம்.

“மேல வந்து உங்ககிட்ட சொல்லியிருக்கலாம். பத்தொன்பது படிதான், எண்ணி வச்சிருக்கேன். மூணு நாளும் காலையில ரெண்டு படி ஏறுவேன், திரும்பிடுவேன். வந்தா கதவைத் தட்டணும். நீங்க நிமிர்ந்து பார்ப்பீங்க. அன்னைக்கு மழையில பார்த்தீங்களே... அதே மாதிரி பார்த்தா நான் என்ன செய்வேன்? எங்கே போய் நிப்பேன்? துணி, நூல், அளவு... இதெல்லாம் எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரியாது. பயமா இருந்தது. அதான் வரல. பயத்தை ஒத்துக்க முடியாம, கோபம்னு சொல்லிட்டு வெட்டினேன். அந்தப் பயத்துக்கு என் நாற்காலி போச்சு, உங்க வேலையும் போகப் பார்த்தது. போதுமா? இப்போ போறதுன்னா போங்க. ஆனா இரக்கம்னு மட்டும் சொல்லிட்டுப் போகாதீங்க.”

வெளியே எங்கோ கோயில் மணி அடித்தது. புறா ஒன்று ஜன்னல் விளிம்பில் தத்தி நடந்தது.

அவன் திரும்ப முயன்றான்.

“திரும்பாதீங்க! உடம்பெல்லாம் குண்டூசி!”

“முதுகுப் பக்கம் நின்னு இதைச் சொல்றது நியாயமில்ல, ஒதீல்.” அவள் பெயரை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. “முன்னாடி வா.”

வந்தாள். கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு.

“நான் உன்னைக் காட்டிக் கொடுக்காம மழைன்னு சொன்னது எதுக்குன்னு நினைச்சே? பெருந்தன்மைன்னா? எனக்கு அவ்வளவு பெருந்தன்மையெல்லாம் கிடையாது. அன்னைக்கு ஜன்னல்கிட்ட நின்னு கோடு எடுத்தேனே... தாளைத் திருப்பணுமான்னு சந்தேகம் வந்தும் ஒழுங்கா யோசிக்கல. என் புத்தி தாள்ல இல்ல. குடையை விரிக்காம மழையில ஒருத்தி போயிட்டிருந்தா... தெருமுனை வரைக்கும். மனசுக்குள்ள நான் இன்னும் அவளைத்தான் பார்த்துட்டிருந்தேன். அதை எப்படி முதலாளிகிட்ட சொல்றது?”

ஒதீல் நிமிர்ந்தாள்.

சாம்பல் நிறம் அங்கேயேதான் இருந்தது. இந்தத் தடவை அவள் பார்வையை எடுக்கவில்லை. பயம் போகவில்லை... அது பாட்டுக்கு இருந்தது. அதோடேயே பார்த்தாள்.

அவன் கையை நீட்டப் போனான். தோளில் ஒன்று சுருக்கென்று குத்தியது. “ஆ!”

“அசையாதேன்னா கேக்கறியா? மடிப்பு கலைஞ்சா மறுபடி முதல்லருந்து ஏத்தணும்.”

“எத்தனை ஊசிதான் குத்தியிருக்கே?”

“நாற்பது இருக்கும்.”

“எல்லாத்தையும் எடுக்க?”

“எடுக்க முடியாது. ஒவ்வொண்ணா நூல் ஓட்டிட்டுத்தான் எடுக்கணும்.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

ஒதீல் ஊசியில் நூலைக் கோக்கப் போனாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நூல் கண்ணில் நுழைய மறுத்தது. மூன்றாவது முயற்சியில் நுழைந்தது.

“ரெண்டு மணி நேரமாவது ஆகும்” என்றாள்.

“நிக்கறேன்.”

“நாளைக்கு?”

“நாளைக்கும்.”

நாற்பது குண்டூசிக்கு நூலோட்ட அந்தக் கூடத்தில் எந்தப் பெண்ணுக்கும் இருபது நிமிஷம் போதும். ஒதீலுக்குப் பதினைந்தே அதிகம். ஆனால் அன்று அவள் ரெண்டு மணி நேரம் என்றால் ரெண்டு மணி நேரமேதான் எடுத்துக்கொண்டாள்.